எந்த டேபோட ஒப்பிட்டீங்கன்னு சேத்து எழுதுங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்ங்க.

தீபாவளிக்கு முன்னாடி உங்க பேப்பர்ல டெக் பக்கத்துல ஐபேட் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. 2025 மார்ச்ல வந்த ஏ16 சிப் போட்ட சாதா ஐபேட் பத்தி. 50 சதவீதம் வேகம் ஜாஸ்தி, ஆஃபர்ல வேற கிடைக்குது, பழசு வெச்சிருக்கவங்க மாத்திக்க இதான் நேரம்ங்கற மாதிரி முடிச்சிருந்தாங்க. அந்தப் பக்கத்த கிழிச்சு எடுத்துக்கிட்டு எங்க தெருவுல ரெண்டு மூணு பேரு என்கிட்ட வந்துட்டாங்க, மாத்திரலாமுங்களா டீச்சர்னு. எனக்கு கட்டுரைல பெரிய குறை ஒண்ணு இருக்கு. அந்த 50 சதவீதம் எதவிட ஜாஸ்தின்னு எங்கயுமே எழுதலைங்க. ஆப்பிள் கம்பெனி சொன்னது ஏ13 சிப் இருக்கற ஐபேடோட ஒப்பிட்டா 50 சதவீதம் வரைக்கும்னு. அது 2021ல வந்த ஒம்பதாவது தலைமுறை, ஹோம் பட்டன் வெச்சது. அதுக்கு அடுத்து 2022ல வந்த பத்தாவது தலைமுறையோட ஒப்பிட்டா கிட்டத்தட்ட 30 சதவீதம்னுதான் அவங்களே சொல்லியிருக்காங்க. எங்க தெருவுல வந்து கேட்டவங்க கைல இருந்தது பூரா பத்தாவது தலைமுறைங்க. அப்ப அவங்களுக்கு அந்த 50ங்கற நம்பரே பொருந்தாது.

நான் சேலம் அம்மாப்பேட்டைல வீட்லயே பிளஸ் ஒன், பிளஸ் டூ பசங்களுக்கு கணக்கும் இயற்பியலும் டியூஷன் எடுக்கறேன். எங்க பக்கம் தறி ஓட்டற வீடு நிறைய, மத்தவங்க செவ்வாப்பேட்டைக்கு கொலுசு வேலைக்கு போறவங்க, கடை வெச்சிருக்கவங்க, கவர்மென்ட் வேலைல இருக்கவங்க கொஞ்சம். நான் டேப்ல எழுதி டிவில போட்டு பாடம் நடத்தறதப் பாத்துட்டு டேப் வாங்கணும்னா முதல்ல என்கிட்டத்தான் கேப்பாங்க. அதனால இத நான் பொழுதுபோக்கா படிக்கறதில்லைங்க, நான் வாங்கலாம்னு சொன்னா ஒருத்தர் நகைய வெச்சாவது வாங்கிருவாரு, அந்த பயம் எனக்கு எப்பவும் உண்டு.

என்கிட்ட இருக்கறதும் பத்தாவது தலைமுறை ஐபேட்தான். 2022 அக்டோபர்ல வந்தப்ப விலை 44,900. அது 39,900க்கு இறங்கினப்ப வாங்கினேன், 64 ஜிபி. அப்புறம் 2024 மே மாசம் அதே பொருள் 34,900க்கு வந்துருச்சு. இப்ப ஏ16 ஐபேடும் அதே 34,900தான், ஆனா 128 ஜிபி. இத எதுக்கு சொல்றேன்னா, கைல டேப்பே இல்லாம புதுசா வாங்கற ஒருத்தருக்கு இது நல்ல மாற்றம், அதே காசுக்கு ரெண்டு மடங்கு இடம், கொஞ்சம் நல்ல சிப், இதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, தாராளமா வாங்கலாம். கட்டுரை அவங்களுக்கு எழுதினதுன்னா முழுக்க சரி. ஆனா மாத்திக்கலாம்ங்கறது வேற கேள்வி சார். அதுக்கு கைல இருக்கற டேப் என்ன, அதுல எந்த வேலை நிக்குது, அத புதுசு சரி பண்ணுதான்னு மூணும் பாக்கணும்.

நான் எனக்காகவே அத பாத்தேன். என் பழைய ஸ்டூடன்ட் ஒருத்தன் இப்ப அஸ்தம்பட்டி பக்கம் வேலைல இருக்கான், அவன் ஏ16 வாங்கியிருந்தான், கேட்டதும் கொஞ்ச நாளைக்கு வெச்சுக்கங்க மிஸ்னு குடுத்துட்டான். ரெண்டையும் பக்கத்துல வெச்சா எது புதுசுன்னு கண்டுபிடிக்கவே முடியலைங்க. நீளம், அகலம், தடிமன் எல்லாம் அதே, 7 மில்லி மீட்டர் தடிமன், பழசோட கவர் புதுசுக்கு அப்படியே பொருந்துது. டப்பால மட்டும் பழசுல 10.9 இஞ்ச்சுன்னு இருக்கும், புதுசுல 11 இஞ்ச்சுன்னு இருக்கும். திரை பெருசாயிருச்சுன்னு கடைல சொல்றாங்க, உங்க கட்டுரைலயும் அப்படித்தான் இருந்துச்சு. அது இல்லைங்க. குறுக்கா அளந்தா ரெண்டுமே 10.86 இஞ்ச்சுதான், பிக்சலும் ரெண்டுக்கும் 2360க்கு 1640, வெளிச்சமும் அதே 500 நிட்ஸ். எழுதற விதம்தான் மாறியிருக்கு, கண்ணாடி மாறலை. கேமரா முன்னாடி பின்னாடி ரெண்டும் அதே 12 மெகாபிக்சல். பேட்டரி ரெண்டுக்கும் 10 மணி நேரம் வரைக்கும்னுதான் போட்டிருக்காங்க. டைப் சி போர்ட்டும் அதே பழைய வேகம்தான், பெரிய ஃபைல் காப்பி பண்றவங்களுக்கு அதுல ஒரு லாபமும் இல்லை.

இப்ப என் வேலைக்கு வர்றேன். நான் நாள் பூரா ஆப்பிள் பென்சில்ல, அதாவது திரை மேல எழுதற பேனாவுல, எழுதறவ. இந்த சாதா ஐபேட்ல மேல இருக்கற கண்ணாடிக்கும் உள்ள இருக்கற டிஸ்பிளேக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கும், ரெண்டையும் ஒட்டியிருக்க மாட்டாங்க. பேப்பர் மேல கண்ணாடி பலகைய வெச்சுட்டு எழுதற மாதிரி பென்சில் முனைக்கும் கோட்டுக்கும் ஒரு நூலளவு விலகி நிக்கும், தட்டினா டொக்கு டொக்குன்னு சத்தம் வேற. வெக்டார் படம் போடறப்ப, இன்டகரேஷன்ல மேலயும் கீழயும் பொடிசா லிமிட் எழுதறப்ப எனக்கு அது உறுத்தும். என் மனசுல புதுசு வாங்கணும்னு ஆசை வந்ததே இதுக்காகத்தாங்க. ஏ16லயும் அந்த இடைவெளி அப்படியே இருக்கு! ஒட்டின டிஸ்பிளே வேணும்னா ஐபேட் ஏர், மினி, ப்ரோன்னு விலை கூடின மாடலுக்குத்தான் போகணும், ஏர் 2025ல 59,900ல ஆரம்பிச்சுது. பென்சிலும் அப்படித்தான், பழசுக்கு எது வேலை செய்யுதோ அதேதான் புதுசுக்கும், 7,900 ரூபா டைப் சி பென்சில்ல அழுத்தி எழுதினா கோடு தடிமனாகற வசதி ரெண்டுலயும் கிடையாது. எழுதறவங்களுக்கு முக்கியமான இந்த ஒரு விஷயத்த கட்டுரைல ஒரு வரி தொட்டிருந்தா எத்தனையோ பேருக்கு காசு மிச்சமாயிருக்கும்.

நல்லதையும் சொல்லிடறேன், இல்லைன்னா நியாயமில்லை. ஒரே நேரத்துல திறந்திருக்கற ஆப்பயெல்லாம் தாங்கற ரேம் பழசுல 4 ஜிபி, புதுசுல 6 ஜிபி. நான் கேள்வித்தாள் பிடிஎஃப் ஒரு பக்கம், நோட்ஸ் ஒரு பக்கம், நடுவுல பிரவுசர்னு மாத்தி மாத்தி போவேன், பழசுல திரும்ப வர்றப்ப சில சமயம் பிரவுசர் பக்கம் முதல்ல இருந்து லோட் ஆகும், ஸ்கேன் பண்ண பெரிய புத்தகம்னா ஒரு நிமிஷம் யோசிக்கும். புதுசுல அது தெளிவா குறைஞ்சிருக்கு, இது உண்மையான வித்தியாசம். ஆனா அது எனக்கு ஒரு நாள் பாடத்துல எவ்வளவு நேரத்த தின்னுதுன்னு பாத்தா பசங்க நோட்டுல எழுதி முடிக்கறதுக்குள்ள அது லோட் ஆயிரும். அதுக்கு 34,900 குடுக்க எனக்கு மனசு வரலை. வீடியோ எடிட் பண்றவங்க, பெரிய கேம் விளையாடறவங்களுக்கு கணக்கு மாறலாம், அது அவங்க வேலை.

அடுத்தது இடம். 64 ஜிபி நெம்பிருச்சுன்னுதான் பாதிப் பேரு மாத்தறாங்க. என்கிட்ட வந்தவங்கள செட்டிங்ஸ்ல ஜெனரல் போயி ஐபேட் ஸ்டோரேஜ்னு இருக்கறத திறந்து காட்டச் சொன்னேன். பாத்தா இறக்கி வெச்ச படம், பாதி பாத்த சீரியல், ஸ்கூல் குரூப்ல வந்த வீடியோ, பழைய கேம், இதான் இடத்த பிடிச்சிருக்கு. பாடம் எல்லாம் சேத்து கொஞ்சம்தான். டைப் சி பென் டிரைவ் ஒண்ணு வாங்கி சொருகினா ஃபைல்ஸ் ஆப்லயே தெரியும், வீடியோவ எல்லாம் அதுல தள்ளிட்டா போதும். இல்லைன்னா ஆப்பிளோட ஆன்லைன் சேமிப்பு ஐகிளவுட்ல 50 ஜிபிக்கு மாசம் 75 ரூபா, வருசத்துக்கு 900. இந்த ரெண்டுல ஒண்ணு செஞ்சதும் ஸ்லோவா இருக்குன்னு சொன்ன டேபே பழையபடி ஓட ஆரம்பிச்சத நானே பாத்தேன், ஏன்னா இடம் முழுசா நெம்பினா சிஸ்டமுக்கு மூச்சு விட இடமில்லாம திணறும்.

ஏஐ பத்தியும் சொல்லணும். அஞ்சு ரோடு பக்கம் ஒரு கடைல புதுசுல ஏஐ எல்லாம் வருதுங்கன்னு சொல்லி ஒரு அம்மாவ கிட்டத்தட்ட பில் போட வெச்சுட்டாங்க. ஆப்பிளோட அந்த ஏஐ வசதிக்கு ஏ17 ப்ரோ சிப் இல்லைன்னா எம் வரிசை சிப் வேணும். ஏ16 ஐபேட்ல அது கிடையாது. சாட்ஜிபிடி மாதிரி ஆப் எல்லாம் பழசுலயும் ஓடும், அதுக்கு இன்டர்நெட்தான் வேணும். இந்த ஒரு விஷயம் தெரியாம எத்தனை பேரு வாங்கியிருப்பாங்களோன்னு நினைச்சா வருத்தமா இருக்குங்க.

விலைக்கு வர்றேன். எக்ஸ்சேஞ்ச்ல பழசுக்கு நல்ல விலைன்னு விளம்பரம் வருது, நான் கேட்ட இடத்துல என்னோடதுக்கு சொன்ன தொகை நான் குடுத்ததுல பாதி கூட இல்லை. சரி அது போகட்டும். நோ காஸ்ட் இஎம்ஐன்னு இருக்கே, அதத்தான் எங்க தெருவுல எல்லாரும் நம்பறாங்க. ரிசர்வ் வங்கி 2013லயே இந்த ஜீரோ வட்டி திட்டத்த எல்லாம் கூடாதுன்னு சொல்லிருச்சு. இப்ப நடக்கறது என்னன்னா, பேங்க் வட்டி போடும், அந்த வட்டி அளவுக்கு விலைல முன்னாடியே கழிச்சுக் குடுப்பாங்க, ஆனா அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி நம்ம தலைலதான், ப்ராசஸிங் ஃபீஸ்னு ஒண்ணும் சில பேங்க்ல வரும். அதுக்கு மேல, ரொக்கமா குடுத்தா கிடைக்கற தள்ளுபடி இஎம்ஐக்கு இருக்கான்னு தனியா கேட்டுப் பாக்கணும். இன்னொண்ணு, ஜிஎஸ்டி குறைஞ்சிருச்சு அதனால விலை இறங்கிருச்சுன்னும் ஒரு பேச்சு ஓடுச்சு. 2025 செப்டம்பர் 22ல இருந்து குறைஞ்சது பெரிய டிவி, ஏசி மாதிரி 28 சதவீதத்துல இருந்தது. டேப்லெட்டுக்கு முன்னயும் 18, இப்பயும் 18. 34,900ல அஞ்சாயிரத்து முன்னூறு ரூபாய்க்கு மேல வரிதான். விலை இறங்கியிருந்தா அது கடைக்காரர் குடுத்த ஆஃபர், வரியால இல்லை.

இந்த சின்ன மாத்தத்த பெருசா காட்டறது புதுசும் இல்லைங்க. 2012 மார்ச்ல ஆப்பிள் மூணாவது ஐபேட விட்டாங்க, அதே வருசம் அக்டோபர்லயே நாலாவத அறிவிச்சுட்டாங்க. திரை ரெண்டுக்கும் ஒண்ணு, சிப்பும் சார்ஜர் சொருகற இடமும் மாறிருச்சு. மார்ச்ல வாங்கினவங்க ஏழு மாசத்துல பழசு வெச்சிருக்கவங்களா ஆயிட்டாங்க. ஆனா அவங்க கைல இருந்த டேப் அன்னிக்கு காலைல செஞ்ச வேலைய சாயங்காலமும் செஞ்சுட்டுத்தான இருந்துச்சு.

சாம்சங்லயும் இருக்கு. கேலக்ஸி டேப் எஸ்6 லைட்னு ஒண்ணு, பேனா டப்பாலயே வரும், பசங்களுக்கு நோட்ஸ் எழுத நல்ல பொருள், நானே சில பேருக்கு வாங்கச் சொல்லியிருக்கேன். அது 2020ல வந்துச்சு, 2022ல திரும்ப வந்துச்சு, 2024ல திரும்ப வந்துச்சு, மூணுக்கும் பேரு ஒண்ணுதான், திரை அதே 10.4 இஞ்ச், பேட்டரி அதே 7040 எம்ஏஎச், பாக்கறதுக்கும் ஒண்ணே. உள்ள சிப் மட்டும் மூணுலயும் வேற வேற. 2020 மாடலுக்கு ஆண்ட்ராய்டு 13ஓட நின்னு போச்சு. 2024 மாடல் வர்றப்பவே ஆண்ட்ராய்டு 14ஓட வந்துச்சு. அதனால எஸ்6 லைட் கம்மி விலைல இருக்குன்னு யாராவது சொன்னா டப்பால மாடல் நம்பர பாக்கணும், வைஃபை மட்டும் இருக்கறதுன்னா பி610 போட்டிருந்தா 2020, பி613ன்னா 2022, பி620ன்னா 2024. 2022 மாடல் வெச்சிருக்கவங்க 2024க்கு மாறணும்னு எனக்கு தோணலை. 2020 வெச்சிருக்கவங்க மாறலாம், அதுவும் பேங்க் ஆப், படிக்கற ஆப் எதாவது ஓடாம போக ஆரம்பிச்சா.

ஐபேட் மினில மறைஞ்சிருக்கற செலவு ஒண்ணு இருக்கு, அத கண்டிப்பா எழுதுங்க சார். 2021ல வந்த மினிக்கும் 2024 அக்டோபர்ல வந்த மினிக்கும் திரை அதே 8.3 இஞ்ச்தான், சிப்பு ஏ15ல இருந்து ஏ17 ப்ரோ. இது கொஞ்சம் பெரிய தாவல்தான், ஏஐயும் வருது. ஆனா பழைய மினிக்கு வாங்கி வெச்ச இரண்டாம் தலைமுறை பென்சில் புது மினில வேலை செய்யாது! பென்சில் ப்ரோ வாங்கணும், 11,900, இல்லைன்னா அந்த 7,900 டைப் சி பென்சிலாவது வாங்கணும். 49,900க்கு மினி வாங்கி வீட்டுக்கு வந்து பென்சில ஒட்டிப் பாக்கறப்பதான் தெரியும். டேப் விலைய மட்டும் போட்டு கட்டுரை எழுதினா இந்த மாதிரி செலவு யாருக்கும் தெரியாமயே போயிருது.

ஏற்காட்ல நாகலூர் பக்கம் எங்க சித்தப்பாவுக்கு கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கு, நடுவுல மிளகுக் கொடி. அவரும் ஐபேட் வெச்சிருக்காரு, பேரன் போன வருசம் மிச்சம் வெச்சுட்டுப் போனது, வைஃபை மட்டும் இருக்கற மாடல். தோட்டத்து எல்லைய மேப்ல குறிக்கணும்னு பாத்தாரு, காட்டுக்குள்ள போனா புள்ளி எங்கயோ நிக்குது. பழசானதால இப்படி ஆகுது, புதுசு வாங்கினா சரியாயிரும்னு யாரோ சொல்லிட்டாங்க. வைஃபை மாடல் ஐபேட் எதுலயுமே ஜிபிஎஸ் கிடையாதுங்க, பழசுலயும் இல்லை, ஏ16லயும் இல்லை, 60,000 குடுத்து ஏர் வாங்கினாலும் வைஃபை மாடல்னா இல்லை. மொபைல் நெட் வர்ற செல்லுலார் மாடல்லதான் வரும், ஏ16ல அது 49,900. அவரு பாக்கெட்ல இருக்கற போன்லயே ஜிபிஎஸ் இருக்கு. சித்தப்பா, அந்த போனயே கைல எடுத்துட்டு எல்லை சுத்தி நடங்க, வீட்டுக்கு வந்து டேப்ல பெருசா பாத்துக்கலாம்னு சொன்னேன், இப்ப அப்படித்தான் பண்றாரு. ஐம்பதாயிரம் அவருக்கு ஒரு பருவத்துல காபிப் பழம் பறிக்க ஆளுங்களுக்கு குடுக்கற கூலிக்கு ஆகற காசு சார்.

எல்லாரையும் வாங்காதீங்கன்னு சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. எங்க பின்னாடி வீட்ல ஒரு நர்ஸ் அக்கா, அவங்க பொண்ணு நீட்டுக்கு படிக்குது, கைல இருக்கறது 2019ல வந்த ஏழாவது தலைமுறை ஐபேட், 32 ஜிபி. 2025 செப்டம்பர்ல வந்த ஐபேடோட புது சாஃப்ட்வேர் ஐபேட் ஓஎஸ் 26ல அந்த மாடல நிறுத்திட்டாங்க, எட்டாவது தலைமுறைல இருந்துதான் கிடைக்கும். 2019ல இருந்து ஆறு வருசம் ஓடினது பெரிய விஷயம்தான், ஆனா இனிமே ஒவ்வொரு ஆப்பா கைவிட ஆரம்பிக்கும், 32 ஜிபில டெஸ்ட் சீரிஸ் ஆப்பும் வீடியோவும் சேந்து ஓடாது, அந்தப் பொண்ணு தினமும் எதையாவது அழிச்சுட்டுத்தான் அடுத்த பாடத்த இறக்குது. அக்கா, நீங்க யோசிக்காம வாங்குங்க, ஏ16 உங்களுக்காகவே வந்த மாதிரி இருக்குன்னு சொன்னேன், வாங்கிட்டாங்க. அதே கட்டுரை, அதே டேப், அவங்களுக்கு நூத்துக்கு நூறு சரி, எனக்கு வேண்டாதது. இதத்தான் நான் உங்ககிட்ட கேக்கறது, யாருக்கு எதுல இருந்து மாத்தறதுக்குன்னு பிரிச்சு எழுதணும். என் பத்தாவது தலைமுறைக்கு அந்த 26 வந்துருச்சு, ஜன்னல் ஜன்னலா திறந்து வெச்சு வேலை பாக்கற வசதியும் சேந்து வந்துருச்சு, ஒரு பைசா செலவில்லாம கிடைச்ச அந்த அப்கிரேடு பத்தி உங்க பக்கத்துல ஒரு வார்த்தை வரலையே!

என்ன உண்மைல எழுத வெச்சது வேற ஒரு விஷயம்ங்க. எங்க தெருவுல தறி ஓட்டற ஒரு அண்ணன், பையன் பிளஸ் டூ, என்கிட்ட படிக்கறான், நல்லா படிக்கற பையன். அவன்கிட்ட பத்தாவது தலைமுறை ஐபேட் இருக்கு, மாமா வாங்கிக் குடுத்தது, குறை ஒண்ணும் இல்லை. விளம்பரத்துல புது மாடல் இல்லைன்னா பிள்ளைங்க பின்தங்கிருவாங்கங்கற மாதிரி காட்டினத பாத்துட்டு அந்த அண்ணன் கடன் வாங்கவே கிளம்பிட்டாரு. பையன் கேக்கலைங்க, அப்பா தானா பயந்துக்கிட்டாரு. படிக்காத அப்பாம்மாவுக்கு எது தேவை எது தேவையில்லைன்னு பிரிச்சுப் பாக்க வழி இல்லை, பேப்பர்ல போட்டிருக்கு, அப்ப சரியாத்தான் இருக்கும்னு நம்பறாங்க. விளம்பரம் அப்படித்தான் இருக்கும், அது விக்கறவங்க காசு குடுத்துப் போடறது. ஆனா உங்க கட்டுரைய அவங்க விளம்பரமா பாக்கறதில்லை, எங்க பேப்பரே சொல்லுதேன்னு பாக்கறாங்க. அந்த அண்ணன நான் உக்கார வெச்சு ரெண்டு டேபையும் பக்கத்துல பக்கத்துல காட்டினேன், ஒரே பிடிஎஃப் ஒரே கணக்கு, அவரே பாத்துட்டு ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு டீச்சர்னாரு. அந்தக் காச பையன் காலேஜ் சேர்றப்ப ஃபீஸுக்கு வெச்சுக்கங்கன்னு சொல்லி அனுப்பினேன். கூடவே இன்னொண்ணும் சொன்னேன், 2025-26 பட்ஜெட்ல நம்ம தமிழ்நாடு அரசு ரெண்டு வருசத்துல 20 லட்சம் காலேஜ் பசங்களுக்கு லேப்டாப் இல்லைன்னா டேப்லெட் குடுக்கறதா அறிவிச்சிருக்கு, காலேஜ்ல சேந்ததும் அங்க விசாரிங்க, அதுக்கு முன்னாடி அவசரப்பட்டு எதையும் வாங்காதீங்கன்னு.

அதனால சார், உங்க டெக் பக்கத்துக்கு எழுதறவங்ககிட்ட தயவுசெஞ்சு சொல்லுங்க. புது டேப் பத்தி எழுதறப்ப அதுக்கு முந்தின மாடலோட, அதுக்கும் முந்தினதோட, அப்புறம் ஒரு அஞ்சு வருசப் பழசோட தனித்தனியா ஒப்பிட்டு எழுதட்டும், ஏன்னா படிக்கறவங்க வீட்ல இருக்கறது அதுதான். சாஃப்ட்வேர் அப்டேட் எந்த மாடல் வரைக்கும் வருதுன்னு போடட்டும். பென்சில், கவர், கீபோர்டு பழசு பொருந்துமா, பொருந்தாதுன்னா சேத்து மொத்தம் எவ்வளவு ஆகும்னு போடட்டும். பேட்டரி மட்டும்தான் பிரச்சனைன்னா ஆத்தரைஸ்டு சர்வீஸ்ல எவ்வளவு ஆகும்னு முதல்ல விசாரிக்கச் சொல்லட்டும், ஐபேட் பேட்டரி 1000 முழு சார்ஜ் ஆனாலும் 80 சதவீதம் நிக்கற மாதிரி பண்ணதுன்னு கம்பெனியே சொல்லுது, ரெண்டு மூணு வருசத்துல அதுக்காக டேபயே மாத்த வேண்டியதில்லை. இதுக்கு அதிகமா ஒரு கால் பத்தி இடம்தான் ஆகும்ங்க. சிப் நம்பர பெருசா போடற இடத்துல இதப் போடலாம். வேணும்னா எழுதறவரு சேலம் வந்தா எங்க வீட்டுக்கு கூட்டிட்டு வாங்க, பசங்க கைல இருக்கற டேப் அத்தனையும் காட்டறேன், 2019ல இருந்து 2025 வரைக்கும் எல்லா வருசமும் இருக்கு.

கடைசியா ஒண்ணு விட்டுப்போச்சு. உங்க கட்டுரைய நம்பி ஏற்கனவே எக்ஸ்சேஞ்ச் பண்ண முடிவு பண்ணிட்டவங்களுக்கு இத மட்டுமாவது அடுத்த வாரம் போட்டுருங்க. பழச குடுக்கறதுக்கு முன்னாடி ஆப்பிள் அக்கவுன்ட்ல இருந்து சைன் அவுட் பண்ணி, தொலைஞ்சா தேடற ஃபைன்ட் மை வசதிய ஆஃப் பண்ணி, முழுசா அழிச்சுட்டுத்தான் குடுக்கணும், இல்லைன்னா அடுத்தவங்களுக்கு அது பூட்டிக்கிட்டு நிக்கும், உங்க பாஸ்வேர்டு இல்லாம திறக்காது. செகண்ட்ஸ்ல வாங்கறவங்க கடைலயே ஆன் பண்ணி முதல் பக்கம் தாண்டி உள்ள போகுதான்னு பாத்துட்டு காசு குடுங்க, செட்டிங்ஸ்ல ஜெனரல், அபவுட் போனா மாடல் நம்பர் இருக்கும், அது எம்ல ஆரம்பிச்சா புதுசா வித்தது, எஃப்ல ஆரம்பிச்சா கம்பெனி புதுப்பிச்சு வித்தது, என்ல ஆரம்பிச்சா சர்வீஸ்ல மாத்திக் குடுத்தது. இத கேட்டா கடைக்காரரும் கொஞ்சம் யோசிச்சுத்தான் விலை சொல்வாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாப்பேட்டை,
சேலம் - 3.